பாதியில் நின்ற ‘வா’

டென்மார்க் தெருக் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “காலை ஆட்டி வாசிக்கப் போறீங்களா, ஆட்டாம வைக்கப் போறீங்களா?”

ஆட்டாமல் வைக்கத்தான் என்றேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். “அப்போ மிக் ரான்சன்” என்றார். அது கேள்வி இல்லை. நாளைக் காலை அந்தக் கிதார்க்காரர் ரான்சனின் ஊருக்குத்தான் ரயில் ஏறப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஐம்பதைத் தொடப்போகிற ஆள், ஒரு கிதார்ச் சத்தத்தைத் தேடி இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்குப் போவதை வீட்டிலேயே சொல்லவில்லை. ‘ஆபீஸ் வேலை முடிந்து இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்பதோடு சரி.

லண்டன் சாரிங் கிராஸ் ரோட்டிலிருந்து பிரிகிற சின்னத் தெரு அது. முதலில் பாட்டுப் புத்தகம் அச்சிட்டவர்களின் தெருவாகவும் பிறகு கிதார்க் கடைகளின் தெருவாகவும் இருந்தது. இப்போது சுற்றிலும் கண்ணாடியும் பெரிய மின்திரைகளும் வந்துவிட்டன. மிஞ்சிய சில கடைகளின் ஜன்னலில் கிதார்கள் தொங்குகின்றன, விலைச்சீட்டைப் பார்த்தால் தொடத் தோன்றாது. நான் வாங்கியது யாரோ மிதித்துத் தேய்த்த பழைய ‘க்ரை பேபி’ வா பெடல். ரப்பர் விரிப்பில் முந்தைய சொந்தக்காரரின் குதிகால் பதிந்த பள்ளம் இருந்தது.

கிதார் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கிதார்க்காரர்கள் காலடியில் பரப்பி வைத்திருக்கும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவை சுவிட்சைத் தட்டினால் வேலை செய்யும், இன்னொரு தட்டில் நிற்கும். வா பெடல் மட்டும் தையல் மெஷின் மிதிபலகை மாதிரி. குதிகாலை அழுத்தினால் சத்தம் இருண்டு உள்ளே போகிறது, நுனியை அழுத்தினால் பளிச்சென்று வெளியே வருகிறது. நம் இலக்கணக்காரர்கள் உ, ஊ, ஒ, ஓ பிறக்க இதழ் குவிய வேண்டும், அ, ஆ பிறக்க வாய் அங்காக்க வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். வா பெடல் செய்வது அதே வேலைதான். குவிந்த உகரத்திலிருந்து அங்காந்த ஆகாரத்துக்குப் போகும்போது காதில் விழுவது ‘உவா’. ஆங்கிலத்தில் அது வெறும் ஒலிக்குறிப்பு. நமக்கு மட்டும் அது யாரையோ கூப்பிடுகிறது.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த நம் சினிமாப் பாட்டுகளில் தாளத்தோடு சேர்ந்து ‘வக்க வக்க’ என்று கேட்கும் கிதார் இந்தப் பெடல்தான். கால் ஓயாது. நான் தேடிப் போனது அதற்கு நேர் எதிரானது. மிதிபலகையை நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுவது. ‘உ’ விலிருந்து கிளம்பி ‘ஆ’ வை அடையாமல், சொல் பாதியில் உறைந்து நிற்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு குரல், ஆனால் எத்தனை வாத்தியத்துக்கு நடுவிலும் தனியாகக் கேட்கும். கிதார்க்காரர்கள் இதை ‘காக்ட் வா’ என்பார்கள், ‘பார்க்டு வா’ என்றும் சொல்வார்கள்.

கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் வில்லங்கம் தெரியும். கல்லூரி ஆண்டுவிழா மேடையில் நான் இதை முயன்றிருக்கிறேன். பெடலை ஆன் செய்கிற சுவிட்ச் மிதிபலகையின் நுனிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஆன் செய்ய வேண்டுமானால் நுனி வரை நன்றாக அழுத்தியே ஆக வேண்டும். அழுத்தினால் ஒத்திகையில் பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்த இடம் போய்விடும். தந்திரமாக ஆன் செய்துவிட்டு, பின்னுக்கு இழுத்து, நுனிக்கு அடியில் நோட்டீஸ் காகிதத்தை மடித்துச் செருகினேன். இரண்டாவது சரணத்தில் காகிதம் நழுவியது. நான் அழுத்தமாகக் காலை வைத்திருந்ததால் பலகை நுனி வரை இறங்கி சுவிட்ச் ஆஃப் ஆனது. சோலோ ஆரம்பித்த இடத்தில் என் கிதார் குளிர் ஜுரம் வந்தவன் குரலில் முனகியது. அன்றிலிருந்து இந்தச் சத்தத்தோடு எனக்கு ஒரு கணக்குத் தீராமல் இருக்கிறது.

கடையிலிருந்து சோஹோவுக்கு நடந்தே போகலாம். வார்டர் தெருவுக்கும் டீன் தெருவுக்கும் நடுவில் செயின்ட் ஆன்ஸ் கோர்ட் என்று ஒரு சந்து. வண்டி போகாது. அதில் 17ஆம் எண் கட்டடத்தில் ட்ரைடன்ட் ஸ்டுடியோ இருந்தது. பீட்டில்ஸ் 1968இல் ‘ஹே ஜூட்’ பதிந்தது இங்கேதான். பாடகர் டேவிட் போவியின் ‘ஜிக்கி ஸ்டார்டஸ்ட்’ இசைத்தட்டும் இங்கேதான் பதிவாகி 1972இல் வெளிவந்தது. அதில் கிதார் வாசித்தவர் மிக் ரான்சன், போவியோடு சேர்ந்து தயாரித்தவர் கென் ஸ்காட். ரான்சனின் ஒலியை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஸ்காட் பின்னாளில் சொன்ன விவரம் எளிமையானது. லெஸ் பால் கிதார், மார்ஷல் ஆம்ப், நடுவில் வா பெடல். பாட்டுக்குப் பாட்டு ரான்சன் பெடலை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்துவார். ‘அதுதான்’ என்று தோன்றுகிற இடம் வந்ததும் அப்படியே விட்டுவிடுவார். பதிவு ஆரம்பமாகும்.

சந்தில் நின்று அந்த இசைத்தட்டின் ‘மூனேஜ் டேட்ரீம்’ கேட்டேன். ஒரு குப்பைத் தள்ளுவண்டிக்காரர் வழி கேட்டு இரண்டு முறை கை காட்டிய பிறகுதான் நகர்ந்தேன்.

மறுநாள் கிங்ஸ் கிராஸில் ரயில். ரான்சனின் ஊரான ஹல் போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. டான்காஸ்டர் தாண்டும் வரை பார்க்க ஒன்றுமில்லை, தட்டையான வயல்கள். அந்த நேரத்தில் மடியில் பெடலைக் கவிழ்த்து வைத்து அடித்தகட்டைக் கழற்றினேன். எதிர் இருக்கைப் பாட்டி குறுக்கெழுத்துப் புதிரை மூடிவிட்டு என்னையே பார்த்தார். உள்ளே ஒரு வெல்லக்கட்டி அளவுக்குச் சுருள், சில கெப்பாசிட்டர்கள், இரண்டு டிரான்சிஸ்டர், பற்சக்கரம் மாட்டிய ஒரு பொட்டென்ஷியோமீட்டர். அவ்வளவுதான்.

இந்தச் சாமான் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1966இல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் என்ற கம்பெனி, வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களின் அமெரிக்க வடிவங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அவற்றில் நடு அலைவரிசைகளைத் தூக்கிக் கொடுக்க மூன்று நிலை கொண்ட ஒரு சுவிட்ச் இருந்தது. சுவிட்ச் விலை அதிகம். அதற்குப் பதிலாக மலிவான பொட்டென்ஷியோமீட்டர் போட முடியுமா என்று பார்க்கும் வேலை பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியரிடம் வந்தது. அவர் போட்டுத் திருகிப் பார்க்க, சத்தம் பேச ஆரம்பித்துவிட்டது. பிறகு அந்தச் சுற்றை ஆர்கனின் வால்யூம் பெடல் ஒன்றுக்குள் வைத்தார்கள். 1967 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது, 1970 செப்டம்பரில் கிடைத்தது.

அதாவது, வா பெடல் ஆடுவதற்காகப் பிறந்தது இல்லை. அசையாத மூன்று நிலைகளில் இருந்த ஒரு சுவிட்சுக்குச் செலவு குறைக்கப் போய்த் தற்செயலாக அசையக் கற்றுக்கொண்டது. நிறுத்தி வைத்து வாசித்த ரான்சன் பெடலைத் தப்பாகப் பயன்படுத்தினார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தாய்வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனார் என்பதே என் கட்சி.

பிரஃப் நிலையம் நெருங்கும்போது வலப்பக்கம் ஹம்பர் முகத்துவாரம் திறந்தது. பழுப்பு நீர், எதிர்க்கரை தெரியாத அளவுக்கு மூடுபனி. கொஞ்ச நேரத்தில் ரயில் ஹம்பர் பாலத்தின் வடமுனைக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. 1981இல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான ஒற்றை வீச்சுத் தொங்கு பாலம், 1,410 மீட்டர். பாட்டி பாலத்தைக் காட்டிவிட்டு, “திருகு ஒண்ணு கீழ விழுந்துடுச்சு, தம்பி” என்றார். அவர் சொன்ன ‘லவ்’ என்ற விளிக்குத் தமிழில் அதுதான் வரும். அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஹல் ஸ்டேஷனில் முதலில் எதிர்ப்படுவது கவிஞர் பிலிப் லார்கினின் சிலை, ரயிலைப் பிடிக்க ஓடுகிற கோலத்தில். இந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகராக முப்பது வருடம் இருந்தவர். பத்திரிகையில் ஜாஸ் விமர்சனமும் எழுதினார், பழைய ஜாஸுக்கு பக்தர், புதியதைக் கண்டால் கடிப்பார். மின்கிதார்ப் பெடல்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யூகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம். ஆனால் ‘வா வா’ முதலில் அவருடைய பழைய ஜாஸ்காரர்களின் சொத்து. ட்ரம்பெட்டின் வாயில் அடைப்பானை வைத்துக் கையால் மூடி மூடித் திறந்து அந்தக் குரலை வரவழைத்தார்கள். ஆரம்பகால வா பெடல் ஒன்றில் கிளைட் மெக்காய் என்ற ட்ரம்பெட்காரரின் பெயரே பொறித்திருந்தது.

ஹல்லில் இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் படும். நகராட்சியே தனியாகத் தொலைபேசி நடத்தியதால் இங்கே போன் கூண்டுகள் சிவப்பு இல்லை, வெண்ணெய் நிறம். இரண்டாவது, உருளைக்கிழங்கு வறுவல்மேல் தூவுகிற, பாப்ரிகா மிளகாய்ப்பொடி கலந்த உப்பு. அதற்கு ‘சிப் ஸ்பைஸ்’ என்று பெயர். மூன்று நாளாக உப்புச்சப்பில்லாமல் சாப்பிட்ட நாக்குக்கு அது என்ன செய்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரான்சன் 1946இல் இங்கே பிறந்தார். சிறுவயதில் பியானோவும் வயலினும் கற்றார். அந்தப் படிப்பு பின்னால் ‘லைஃப் ஆன் மார்ஸ்?’ பாட்டுக்கு அவர் எழுதிய தந்தி வாத்திய இசையமைப்பில் தெரியும். ‘ராட்ஸ்’ என்ற உள்ளூர்க் குழுவில் வாசித்தார். லண்டனில் ஒருமுறை முயன்று பார்த்துத் தோற்றுத் திரும்பி வந்து, நகராட்சிப் பூங்காத் துறையில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். 1970 தொடக்கத்தில் ராட்ஸ் குழுவின் பழைய டிரம்மர் ஜான் கேம்பிரிட்ஜ், போவிக்கு ஆள் வேண்டும் என்று தேடி வந்தபோது ரான்சன் ரக்பி மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாராம். அந்தப் பிப்ரவரியிலேயே பிபிசி ரேடியோவில் போவியோடு வாசித்துவிட்டார்.

ஹோல்டர்னஸ் சாலையில் பஸ்ஸில் போனால் ஈஸ்ட் பார்க். 1887இல் திறந்த பூங்கா. உள்ளே ரான்சன் பெயரில் ஒரு சின்னத் தோட்டம், நடுவில் எட்டடி உயரக் கிதார்ச் சிற்பம். இந்த ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவரின் வடிவமைப்பு, 2017இல் வைத்தார்கள். செடிகளை ஒழுங்காக வெட்டிவிட்டிருந்தார்கள், அது அவருக்குப் பிடித்திருக்கும். நினைவுச் சின்னங்களில் எனக்கு ஈடுபாடு குறைவு. இங்கே மட்டும் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாயோடு வந்த பெரியவர் ஒருவர் என் ஹெட்போனைச் சுட்டி என்ன கேட்கிறேன் என்றார். ஒரு காதைக் கழற்றிக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, “ஆமாம், அதேதான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நாயின் பின்னால் போனார்.

மாலையில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒத்திகை அறை ஒன்றைப் பிடித்தேன். ஒரு லெஸ் பால் நகல், ஐம்பது வாட் மார்ஷல். ரான்சனுடையது இருநூறு வாட் மார்ஷல் மேஜர். அந்த அறைக்குள் அதை வைத்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத எனக்குக் காது மிஞ்சியிருக்காது. அவருடைய 1968 லெஸ் பால் கஸ்டமின் முகப்பில் இருந்த கறுப்புப் பெயின்ட்டை அவர் சுரண்டி எடுத்தார், ஒலி நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைமேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஆம்பை உறுமும் அளவுக்கு ஏற்றிவிட்டுக் கனத்த ஈ தந்தியைத் திறந்து மீட்டி, பெடலைக் குதிகாலிலிருந்து நுனிக்கு எறும்பு வேகத்தில் நகர்த்தினேன். சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் தூக்கிப் பிடிக்கின்றன. குதிகால் பக்கம் அந்த மேடு சுமார் 400 ஹெர்ட்ஸில் இருக்கிறது, நுனிக்குப் போகும்போது 2,000ஐத் தாண்டுகிறது. மேட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவு. கீழ் ஸ்தாயியில் முழங்குகிற அடிச்சத்தம் பாதி போய்விடும், உச்சியின் கீச்சொலியும் அடங்கும். அதனால்தான் பாஸும் சிம்பலும் இடம் விட்டு நிற்க, நடுவில் கிதார் மட்டும் எழுந்து நிற்கிறது.

அரை மணி நேரம் ஆட்டியபின் ஒன்று புரிந்தது. திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 82 ஹெர்ட்ஸ். பெடலை 800க்குப் பக்கத்தில் நிறுத்தினால் அதைப்போல் பத்து மடங்கு அதிரும் மேற்சுரம்தான் தூக்கலாகும். ஸ்வரம் மாறாது, முகம் மாறும், மூக்கு முளைக்கும். அதே இடத்தில் பெடலை வைத்துக்கொண்டு மெல்லிய ஈ தந்தியின் பதினைந்தாம் கட்டைக்குப் போனால் அதன் அடிப்படை அதிர்வே 784. இப்போது தூக்கலாவது மேற்சுரம் இல்லை, ஸ்வரமேதான். சத்தம் தடித்து, புல்லாங்குழல் மாதிரி உருண்டு நிற்கிறது. கால் அசையவில்லை, ஆனால் விரல் மேலே ஏற ஏற உயிரெழுத்து மாறிக்கொண்டே போகிறது. நிறுத்தி வைத்த வா உண்மையில் நிற்பதே இல்லை, ஆட்டும் வேலையைக் கையிடம் கொடுத்துவிடுகிறது. இத்தனை வருடம் இதைக் கேட்டும் எனக்கு உறைக்காத விஷயம் இது.

வா பெடலை டிஸ்டார்ஷன் என்ற அந்த உறுமலுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்பது தனிச் சண்டை. முன்னால் வைத்தால் அந்த மேடு முதலில் உடைந்து நொறுங்கும், குரல் இறுகி வரும். பின்னால் வைத்தால் ஏற்கெனவே நொறுங்கிய சத்தத்தை வடிகட்டுவதால் விளைவு பெரிதாக, கொஞ்சம் செயற்கையாகக் கேட்கும். நான் முன்னால் வைக்கும் கட்சி. வா பெடல் இல்லாமலே இதைச் செய்வோரும் உண்டு. ஏழு பட்டை ஈக்வலைசரில் 800, 1,600 இரண்டையும் தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரன் ஜாடை வரும், ஆனால் மேடு அகலம், சரிவு கிடையாது. குறுகலாக்க முடிகிற பாராமெட்ரிக் ஈக்வலைசர் தேவலை. காலே வேண்டாதவர்களுக்கென்று டன்லப் கம்பெனி மிதிபலகைக்குப் பதில் திருகு வைத்த ‘கியூ ஸோன்’ என்ற பெட்டியை விற்றது. இப்போதைய மல்டி எஃபெக்ட் பெட்டிகளில் ஒரு எண்ணைத் தட்டி வைத்துவிட்டால் முடிந்தது, காகிதம் நழுவாது.

ரான்சன் மட்டுமல்ல, ஜெர்மனியின் மைக்கேல் ஷென்கரும் இப்படித்தான் வாசித்தார், ஃபிராங்க் ஸாப்பாவும். ஆனால் இந்தச் சத்தத்துக்கு உதாரணம் கேட்டால் பலரும் சொல்வது டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ‘மணி ஃபார் நத்திங்’. அங்கேதான் வேடிக்கை. 1985இல் வெளிவந்த அந்தப் பாட்டைக் கரீபியன் தீவான மான்ட்செராட்டில் பதிந்தார்கள். மைக் சரியாகப் பொருத்தும் முன்பே ஒன்று தரையைப் பார்த்தும் இன்னொன்று ஸ்பீக்கரிலிருந்து விலகியும் கிடந்த நிலையில் குழுவின் கிதார்க்காரர் மார்க் நாஃப்ளர் வாசிக்க, கட்டுப்பாட்டு அறையில் அந்தச் சத்தம் வந்துவிட்டது, எதையும் மாற்றாமல் அப்படியே பதிந்தோம் என்கிறார் ஒலிப்பதிவாளர் நீல் டார்ஃப்ஸ்மன். பெடல் இல்லாமலே வா நின்ற கதை. அந்த மூலப் பதிவை நகல் எடுக்க முயல்கிற உலகத்துக் கிதார்க்காரர்கள் எல்லாரும் பெடலை நடுவில் நிறுத்துகிறார்கள், பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

அறையைக் காலி செய்யும் நேரம் வந்ததும் மிதிபலகையின் பக்கவாட்டில் வெள்ளை மை வைத்து ஒரு கோடு போட்டேன். அடியில் இருந்த இறுக்கும் நட்டைக் கால் சுற்று முடுக்கினேன், இனி காலை எடுத்தாலும் பலகை சரியாது. பெடலைத் தனி சுவிட்ச் பெட்டி ஒன்றின் வழியாக மாட்டிக்கொண்டால் ஆன், ஆஃப் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும், நுனியைத் தொடவே வேண்டாம். ஆண்டுவிழா மேடைக்கு இந்த ஞானம் ஏறக்குறைய முப்பது வருடம் தாமதம்.

சென்னையில் இப்போது என் மேஜைக்கு அடியில் அந்தப் பெடல் இருக்கிறது. லெஸ் பால் நகலுக்குப் போட்ட கோட்டில் என் பழைய ஸ்ட்ராடோகாஸ்டரை மாட்டினால் குரல் சன்னமாகிவிட்டது, ஒரு விரற்கடை குதிகால் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. அதனால் இப்போது இரண்டு கோடு. யாராவது உங்களிடம் ‘இரண்டு மணி நிலையில் வை’, ‘முக்கால் பங்கில் வை’ என்று சொன்னால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே வைக்காதீர்கள். உங்கள் கிதாரின் கனத்த தந்தியை மீட்டி, உங்கள் காலால் தேடிக் கோடு போடுங்கள். பென்சில் வேண்டாம், இரண்டே நாளில் அழிந்துவிடுகிறது.